மூன்று முறை மறைந்த வரி

பிற்பகல் 2.10. மருந்தேற்றும் கருவியின் மென்பொருளிலிருந்து, அளவு மீறினால் கருவியை நிறுத்தும் அந்த ஒற்றை வரி மூன்றாம் முறையாகக் காணாமற்போயிருந்தது. சோதனையில் அகப்பட்டிராவிடில் நேர்ந்திருக்கக்கூடியது சொல்லுந்தரமன்று.

வரியை எழுதியவளும் அதனைப் பொதுவான மூல நிரலோடு இணைத்தவளும் ஒருத்தியே. பணியில் சேர்ந்து நான்கு மாதமே ஆன நிரலாளர். ஐந்து மணிக்கு அவளது பணிநீக்கக் கடிதத்தில் கையொப்பமிடுவதாகக் குழுத்தலைவர் அறிவித்துவிட்டார்.

சோதனைப் பிரிவின் மூத்த அம்மையாருக்கு அலுவலகம் இட்ட பெயர் பூதக்கண்ணாடி. அவர் பாதி உண்ட உணவை மூடிவைத்து, பெருமூச்சுடன் எழுந்தார்.

ஒரே இடத்தை இருவர் திருத்தியிருப்பின், இணைக்கும்போது கணினி 'மோதல்' என்று நின்று, எவர் திருத்தத்தை வைப்பது எனக் கேட்கும். இணைப்புகள் யாவும் மூலையிலிருந்த பொதுக் கணினியிலேயே நிகழ்ந்தன.

2.40. பூதக்கண்ணாடி அந்தப் பெண்ணின் மேசைக்கு வந்தார்.

"மோதல் வந்துச்சா?"

"வந்துச்சுக்கா. ஃபைலைத் திறந்தா கேள்வி எதுவும் இல்ல. தானா சரியாயிடுச்சுன்னு சேத்துட்டேன்."

"மூணு தடவையுமா?"

"ஆமாக்கா."

அதே இணைப்பை அவளுடைய மேசைக் கணினியில் பூதக்கண்ணாடி செய்துபார்த்தார். அது நின்றது, கேட்டது.

3.30. பதிவேட்டில் அவள் பெயர் மட்டுமே உள்ளதெனக் குழுத்தலைவர் சலிப்புடன் கூறினார்.

"அவளுக்கு முன்னாடி அந்த மூலை மெஷின்ல நீங்க இணைச்சுப் பாத்தீங்களா சார்?"

"அவ முதல்ல இணைச்சதுக்கு முந்தின நாள், சும்மா ஒத்திகைக்கு. அப்பவே அழிச்சுட்டேனே."

4.45. மூவரும் மூலைக் கணினியின் முன் நின்றனர். மூன்றாம் இணைப்பின்போது திரையில் ஓடிய செய்திகளுக்கு நடுவே, எவரும் படியாத ஒன்றைப் பூதக்கண்ணாடி விரலால் தொட்டார்: 'முந்தைய தீர்வின்படி சரிசெய்யப்பட்டது.'

"இணைப்பைத்தான் அழிச்சீங்க. நீங்க குடுத்த பதில மெஷின் ஞாபகம் வெச்சிருக்கு. அதே மோதல் வந்தா கேக்காம அதையே போட்டுடுது. வரியத் தொலைச்சது நீங்க சார். அன்னிக்கு எந்தப் பக்கத்த வெச்சீங்க?"

குழுத்தலைவர் கண்களைக் கசக்கினார். "அந்த வரி இல்லாத பழசை. படிக்கவே இல்ல. அசதி."

அத்தீர்வை மறக்குமாறு கணினிக்குப் பூதக்கண்ணாடி கட்டளையிட்டார். நான்காம் இணைப்பில் அது நின்று, கேட்டது. அந்தப் பெண் இருபக்கத்தையும் இருமுறை படித்து, தன் வரியை வைத்தாள்.

4.58. குழுத்தலைவர் கடிதத்தை மடித்துப் பையில் திணித்தார். "அறிக்கைல என் பேரப் போட்டு எழுதிடுங்க."

"நீங்களே எழுதுங்க சார். எனக்கு இன்னும் பாதிச் சாப்பாடு இருக்கு."