ஐந்தாவது போர்ட்

அந்தக் கணினியின் முதுகில் நாலு போர்ட்தான் இருக்க வேண்டும். அவள் விரலுக்கு ஐந்து தட்டுப்பட்டது.

மறுபடி தடவினாள். மேசையைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தார்கள், எந்த மகராசன் செய்த வேலையோ. கையைப் பின்னால் விட்டுத் தடவித்தான் ஒவ்வொரு பெட்டியையும் பார்க்க வேண்டும். பழகிவிட்டால் அதற்குக் கண் தேவையில்லை. பெரிய வட்டத்துக்குள் அரைவட்டமாக ஐந்து ஓட்டை என்றால் கீபோர்டு. நீட்டிக்கொண்டிருக்கும் ஒன்பது பின் என்றால் பழைய மவுஸ். மூன்று வரிசையில் பதினைந்து ஓட்டை மானிட்டருக்கு, நீளமாக இருபத்தைந்து ஓட்டை பிரிண்டருக்கு. அவ்வளவுதான். ஆனால் அதற்கும் கீழே, வெறும் தகடு இருக்க வேண்டிய இடத்தில், இன்னொன்று இருந்தது. ஐந்து பின்கள், வில்லாக வளைந்து. தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தன. கணினியை அவள் இன்னும் ஆன் செய்யவே இல்லை.

சினிமாக்காரர்களுக்குப் பழைய கணினிகளை வாடகைக்குக் கொடுக்கும் கம்பெனியின் நிலவறை அது. மேலே பட்டப்பகல், மழை. குழாய் வழியாகத் தண்ணீர் கடகடவென்று இறங்கும் சத்தமும், டியூப்லைட்டின் விடாத ரீங்காரமும், சூடேறிய தூசியும் பழைய பிளாஸ்டிக்கும் கலந்த புளித்த வாடையும், அலமாரி அலமாரியாக மஞ்சள் பூத்துப்போன பெட்டிகள் சுவரில் விழுத்திய கட்டை நிழல்களும் சேர்ந்து, இங்கே உனக்கென்னடி வேலை என்று கேட்பதுபோலத்தான் இருந்தது. மூன்று வாரத்துக்கு முன்புவரை இது அவள் அக்காவின் மேசை. ஒரு மத்தியானம் அக்கா வலது கையை இறுக மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். வந்து படுத்தவள்தான், அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. டாக்டர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். அக்காவுக்கு என்ன ஆனது என்று தெரிந்தாக வேண்டும், எப்படியாவது அவளைப் பேசவைக்க வேண்டும். அதற்காகத்தான் இவள் இந்த வேலையையே கேட்டு வாங்கினாள்.

பெட்டியின் தலையில் அக்காவின் குண்டுக் கையெழுத்தில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தது. நாலு வரி, நாலு போர்ட், ஒவ்வொன்றுக்கும் எதிரே அதன் ஜோடிக் கேபிள். கீழே '5' என்று எழுதி ஒரு புள்ளி. அங்கிருந்து மை கோடாக இழுபட்டுக் காகிதத்துக்கு வெளியே போயிருந்தது.

படியில் சிடுமூஞ்சியின் தலை தெரிந்தது. சூப்பர்வைசருக்கு அக்கா வைத்த பெயர்.

"இன்னும் அதே பெட்டியக் கட்டிக்கிட்டு அழறீங்களா?"

"சார், இதுல ஒரு போர்ட் அதிகமா இருக்கு."

"இருந்தா அதுக்கு ஜோடியத் தேடி மாட்டுங்க. ஜோடி இல்லாம ஒரு பெட்டியும் வெளிய போகாது. அஞ்சு மணிக்கு வண்டி வருது. உங்க அக்கா மாதிரி பாதியில விட்டுட்டு ஓடினீங்க, அப்புறம் நான் மனுஷனா இருக்க மாட்டேன்."

இப்போது மட்டும் என்னவாம். நல்ல வார்த்தை பேசினால் வாயிலிருந்து முத்து உதிர்ந்துவிடும் அந்த ஆளுக்கு. கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

பெட்டியை இழுத்து முதுகைத் திருப்பிப் பார்த்தாள். நாலுதான். ஐந்தாவது இடத்தில் மொழுமொழுவென்று தகடு, ஒரு கீறல்கூட இல்லை. திருப்பி வைத்துவிட்டுக் கையைப் பின்னால் விட்டாள். இருந்தது. ஐந்து பின். முன்பு ஒரு விரலுக்கு அடியில் அடங்கியவை இப்போது உள்ளங்கை அகலத்துக்கு விலகி நின்றன.

கேபிள் பெட்டியைக் கவிழ்த்துத் தேடினாள். பின் இருந்தால் எங்கேயோ அதே எண்ணிக்கையில், அதே இடைவெளியில் ஓட்டைகள் இருந்தே தீரும். இந்தத் தொழிலின் அரிச்சுவடி அது. அவள் கைக்கு அகப்பட்ட எதுவும் சேரவில்லை. சரி, மானிட்டரை மாட்டி ஆன் செய்துதான் பார்ப்போமே என்று சுவிட்சைத் தட்டினாள்.

விசிறி சுழன்றது. திரை இருட்டாகவே கிடக்க, ஓரத்தில் ஒரு பச்சைக்கோடு மட்டும் துடித்தது. பெட்டிக்குள்ளிருந்து காற்று வந்தது, நின்றது, மறுபடி வந்தது. ஒவ்வொரு முறை வரும்போதும் கடைசியில் ஒரு சின்ன விசில்.

அந்த விசில் அவளுக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து ஒரே பாயில் படுத்தவர்கள். தூக்கத்தில் அக்காவின் மூக்கு இப்படித்தான் விசிலடிக்கும். எத்தனை ராத்திரி எட்டி உதைத்திருப்பாள்! மூன்று வாரமாக அந்த விசில் வீட்டில் கேட்கவில்லை. அதை இப்போதுதான் கவனித்தாள்.

"அக்கா?"

பச்சைக்கோடு துடிப்பதை நிறுத்தியது.

இன்று காலை அக்காவுக்கு உடம்பு துடைத்துவிடும்போதுதான், அதுவரை யார் இழுத்தும் பிரியாத அந்த மூடிய கையைப் பலவந்தமாகப் பிரித்திருந்தாள். ஐந்து விரல் நுனியிலும் ஒவ்வொரு ஓட்டை. ரத்தம் இல்லை, சீழ் இல்லை. சுத்தமான, வட்டமான, ஆழமான ஓட்டை. அம்மா பார்த்தால் தாங்கமாட்டாள் என்று அவசரமாக மூடிவிட்டாள்.

ஐந்து ஓட்டை.

அந்த ஜோடி, கேபிள் பெட்டியில் இல்லை. வீட்டில், கட்டிலில், போர்வைக்கு அடியில் இருக்கிறது.

ஓடிவிடலாம். பதினோரு படிதான். கதவு. மழை. வெளிச்சம். எழுந்தும்விட்டாள். உள்ளே அந்த மூச்சு திக்கியது. அழுகைக்கு முன்னால் அக்கா இப்படித்தான் மூச்சைப் பிடிப்பாள்.

"போகலக்கா. போகல. இரு, என் கையக் குடுத்து உன்ன வெளிய எடுக்கறேன்."

கையைப் பின்னால் விட்டாள். கட்டைவிரலுக்கு ஒன்று. ஆள்காட்டி. நடு. மோதிர. சுண்டு. அளவெடுத்ததுபோல் இருந்தது. கண்ணை மூடி அழுத்தினாள்.

வலி தோள்வரை ஏறியது. கத்தக் குரல் வரவில்லை. பின்கள் எலும்பைத் தொட்டு நின்றன. பிறகு அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ ஒன்று அவள் விரல்களை நிதானமாக, ஒவ்வொன்றாகத் தடவியது.

மேசையில் போன் அடித்தது. அம்மா. இடது கையால் எட்டி ஸ்பீக்கரைப் போட்டாள்.

"அடியே! உங்கக்கா எழுந்து உக்காந்துட்டாடி!" அம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. "இப்பதான், இந்த நிமிஷம்தான்! என்னைப் பாத்துச் சிரிக்கிறா! என் கண்ணே பட்டுடும் போலிருக்கு!"

பலித்துவிட்டது. அக்கா இந்தப் பெட்டியை விட்டுப் போய்விட்டாள், வீடு சேர்ந்துவிட்டாள். அவளுக்குக் கண்ணில் நீர் கொட்டியது.

அப்போது கையருகே, பெட்டிக்குள், அந்த விசில் கேட்டது. அதே மூக்கு. அதே அக்கா. இங்கேயேதான்.

"அம்மா," என்று கூப்பிடப் பார்த்தாள். நாக்கு அசையவில்லை. விரல்களை இழுத்தாள். வரவில்லை. அம்மா, வெளிய போ. அம்மா. சத்தமே இல்லை.

"என்னடி பேச்சக் காணோம்? சந்தோஷத்துல வாயடைச்சுப் போச்சா?" அம்மா சிரித்தாள். "பச்சப்புள்ள மாதிரி என் கையப் பிடிச்சுக்கிட்டு வெளையாடுறாடி. கண்ண மூடிக்கிட்டு என் விரல ஒவ்வொண்ணாத் தடவித் தடவிப் பாக்குறா. இரு, என்னமோ சொல்றா, கேளு."

போனில் அக்காவின் குரல். வேலை நேரத்துக் குரல், நிதானமாக.

"ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு."

"ஆ! மெதுவாடி," என்றாள் அம்மா. "என்னமோ குத்துது."