சாம்பல் குதிரை ஏன் தின்னவில்லை?

ஆப்பிரிக்காவின் வடகரையில், எங்கள் நுமிடியா நாட்டில் குதிரைக்குக் கடிவாளம் போடுவதில்லை, கண்ணுகளா. கழுத்தில் ஒரு கயிறு, கையில் ஒரு குச்சி. அவ்வளவுதான்.

மலையடியில் திஸிரி என்றொரு சிறுமி இருந்தாள். அவளுடைய பெரியப்பா மஸ்கார், கடற்கரை நகரத்துச் சந்தையில் ஆடுகளைக் கொடுத்து ஒரு சாம்பல் நிறக் குதிரையை வாங்கி வந்தார்.

வந்த நாள் முதல் அது பார்லியைத் தின்னவில்லை. முகர்ந்து பார்க்கும், தலையைத் திருப்பிக்கொள்ளும். விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது.

பெரியப்பா குளம்பைத் தூக்கிப் பார்த்தார். வயிற்றைத் தட்டினார். கண்ணை விரித்துப் பார்த்தார். எல்லாம் சரியாகவே இருந்தன.

“நகரத்துத் திமிரு! நம்ம பார்லி இதுக்கு ஆகாதாம்” என்றார். “ராஜாவோட ஆளுங்க நாளைக்குச் சிங்க வேட்டைக்குப் போறாங்க. இரை கேட்டாங்க. இதைக் குடுத்துடலாம்.”

“உயிரோடவா, பெரியப்பா?”

“பின்ன, சமைச்சுக் குடுத்தாத்தான் சிங்கம் திங்குமா?”

திஸிரி அடுப்படிக்கு ஓடினாள். மிச்சமிருந்த பார்லிக் கஞ்சியில் ஆட்டுப்பால் ஊற்றிக் குதிரையிடம் கொண்டுபோனாள். குதிரை மூக்கை நுழைத்தது. சட்டி காலி.

அதே பார்லிதானே? திமிர் பிடித்த குதிரை கஞ்சி மட்டும் குடிக்குமா?

பல் ஆடியபோது தானும் கஞ்சி மட்டும் குடித்தது அவளுக்கு நினைவு வந்தது. மெதுவாகக் குதிரையின் உதட்டை விலக்கினாள். வாயோரம் இரண்டு பக்கமும் கிழிந்து புண்ணாகியிருந்தது.

“பெரியப்பா! ஓடி வாங்க!”

அவர் குனிந்து பார்த்தார். “எதைக் கடிச்சுத் தொலைச்சுது?”

“வாங்கும்போது இது வாயில ஏதாவது இருந்துச்சா?”

“ஒரு இரும்பு இருந்துச்சு. நகைன்னு நினைச்சேன். வித்தவன் கழட்டி வெச்சுக்கிட்டான். கஞ்சப்பயன்னு திட்டிட்டு வந்தேன்.”

“அது நகை இல்ல, பெரியப்பா. ரெண்டு ஓரமும் கிழிஞ்சிருக்கு பாருங்க, அதைப் புடிச்சு இழுத்துத்தான் குதிரையை ஓட்டியிருக்காங்க.”

“இரும்பையா? திங்கிற வாயிலயா?” பெரியப்பா தன் வாயைத் தடவிக்கொண்டார்.

மறுநாள் வேட்டைக்காரர்கள் வந்தார்கள். “எங்க இரை?”

“இரையும் இல்ல, ஒண்ணும் இல்ல. அது கஞ்சி குடிக்குது” என்றார் பெரியப்பா.

“குதிரையா? கஞ்சியா?”

“சிரிங்க, நல்லாச் சிரிங்க. சத்தமா மட்டும் சிரிக்காதீங்க, அது மிரளும்.”

திஸிரி புண்ணில் தேன் தடவினாள். நாளாக ஆகக் கஞ்சி கெட்டியானது. ஒரு காலை குதிரை காய்ந்த பார்லியையே நொறுநொறுவென்று தின்றது.

பெரியப்பா கயிற்றை நீட்டினார். “கழுத்துல போட்டுக் கூட்டிட்டுப் போ. தண்ணி காட்டு.”

திஸிரி கயிற்றைத் தன் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றுக்கு நடந்தாள். குதிரை அவள் பின்னாலேயே போனது.