முழங்கால் ஆழம்

மெழுகுவர்த்தி மறுபடியும் அணைந்தது. காற்றே இல்லை. திராட்சை மிதிக்கும் கல் தொட்டியின் விளிம்புக்குக் கீழே சுல்மீரா அதை இறக்கியதும் சுடர் சுருங்கி, நீலமாகி, சத்தமில்லாமல் செத்தது.

"பாத்தியா? யாரும் இறங்கக் கூடாது," என்றாள் தம்பியிடம்.

அபீலியோ சிரித்தான். "ஆரம்பிச்சிட்டியா அக்கா? படகுல வந்த சுற்றுலாக்காரங்க வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு நிக்கிறாங்க. திராட்சை மிதிக்கத்தான் டோரோ ஆத்துக்கே வந்திருக்காங்க."

"போன வருஷமும் இதையேதான் சொன்ன. அப்பாவைப் பொணமாத் தூக்கினோம்."

போன அறுவடையில் மெழுகுவர்த்தியைப் பிடுங்கி எறிந்து, "என்ன கெழவா, பயமா?" என்று சீண்டி, அப்பாவை இதே தொட்டியில் இறக்கியவன் இவன்தான். பொங்கிய சாறு கக்கிய நச்சுக்காற்றில், முழங்கால் ஆழத்தில், குப்புற விழுந்து செத்தார் அவர். அந்தச் சாற்றைக் கொட்டவும் மனமில்லாமல் புட்டியில் அடைத்து விற்றான் பாவி. அன்றிலிருந்து அவளுக்கு வயிறு எரிகிறது.

"சன்னலைத் திறந்துட்டேன். நாம ரெண்டு பேரும் முதல்ல மிதிப்போம். ஒண்ணும் ஆகலன்னா வாயை மூடிக்கிட்டு இரு," என்று சொல்லி அவன் இறங்கினான்.

அவனைத் தனியே விட மனம் வராமல் அவளும் இறங்கினாள். அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

வழக்கப்படி முழங்கையோடு முழங்கை கோர்த்துக்கொண்டார்கள். மிதிக்கத் தாளம் கூவுபவர் 'விடுதலை' சொல்லும்வரை யாரும் கையை விடக் கூடாது. எல்லா வருஷமும் கூவியவர் அப்பா. இன்று அபீலியோ கூவினான். "இடது. வலது."

குளிர்ந்த சாறு தொடையில் தெறிக்க, தோலும் விதையும் விரலிடுக்கில் பிதுங்க, புளித்த வாடை மூக்கில் ஏறி ஈரச் சுவர்கள் மெல்ல மூச்சு விடுவது போலிருக்க, அவர்களுடைய சளப் சளப்புக்குப் பின்னால் இன்னொரு சத்தம் வந்தது. ஒரு கால் ஊன்றி, ஒரு கால் இழுத்து. அப்பா அப்படித்தான் நடப்பார்.

"விளையாடாத," என்றாள்.

"நானா?" அவன் சிரிப்பு நின்றது. "அக்கா, நீ ஏன் என் ரெண்டு கையையும் பிடிச்சிருக்க?"

அவள் ஒரு கையைத்தான் பிடித்திருந்தாள்.

"இடது," என்றது சுவரோர இருட்டு. கரகரத்த குரல். "வலது."

அவன் இறங்கினான். தொடைவரை அமிழ்ந்தான். இடுப்புவரை. முழங்கால் ஆழத் தொட்டியில்.

"அக்கா, விட்றாத."

இழுத்தாள். உண்மையாகவே இழுத்தாள். அந்தப் பக்கமும் இழுத்தது. மார்புவரை. கழுத்துவரை. அப்போது அந்தப் புட்டிகள் நினைவுக்கு வந்தன.

கையை விட்டாள்.

சாறு மூடிக்கொண்டது. ஒரு குமிழி. பிறகு ஒன்றுமில்லை.

வாசலில் நின்றவர்கள், இருட்டில் எதையும் காணாமல், தாளத்துக்குக் கைதட்டிக்கொண்டே ஒவ்வொருவராகத் தொட்டிக்குள் கால் வைத்தார்கள். 'விடுதலை' என்று யாரும் இன்னும் சொல்லவில்லை. தொங்கிக் கிடந்த அவள் முழங்கைக்குள், ஊதாவாக ஊறிப்போன ஒரு கை ஈரமாக நுழைந்து கோர்த்துக்கொண்டது.

"இடது," என்றது அதே கரகரத்த குரல்.

அவள் கால் எழுந்தது.