லா குலெத்தில் அரைநாள் நின்ற கப்பல்

பின்சீட்டில் ஏறிய கிழவியிடம் வெயில் களிம்பின் வாசனை இல்லை. மோன்ஜி முதலில் கவனித்தது அதைத்தான்.

லா குலெத் துறைமுக வாசலில் அவன் பதினெட்டு வருஷமாக டாக்ஸி ஓட்டுகிறான். எந்த நாட்டுச் சுற்றுலாக் கப்பலானாலும் சரி, தேங்காயும் மருந்தும் கலந்த அந்தக் களிம்பு நெடிதான் முதலில் வண்டிக்குள் ஏறும், பிறகுதான் ஆள் ஏறும். இவளோடு வந்தது துவைத்துக் காயவைத்த போர்வையின் வாசனை. அவன் வீட்டு மொட்டைமாடியில் மனைவி சல்ஹா உலர்த்தும் போர்வைக்கு அதே வாசனைதான். ஊரே ஒரே சோப்பைத்தான் வாங்குகிறது என்று தனக்குள் சொல்லிக்கொண்டு வண்டியைக் கிளப்பினான்.

"ஏய் மோன்ஜி, மியூசியத்துல வைக்க வேண்டியதெல்லாம் உன் வண்டியிலதான்டா ஏறுது!" என்று டாக்ஸி வரிசையில் நின்ற ஒருவன் கத்தினான். மற்றவர்கள் சிரித்தார்கள். மோன்ஜியும் சிரித்தான்.

"கார்த்தேஜா? சிதி பூ சயீதா?" சுற்றுலாக்காரர்கள் வழக்கமாகப் போகும் இடங்களைச் சொல்லிப் பிரெஞ்சில் கேட்டான், இத்தாலிய மொழியில் கேட்டான். அவள் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் வெள்ளைத் தலையும், கழுத்தில் நீலப் பட்டையில் தொங்கிய கப்பல் அட்டையும் தெரிந்தன. மதியம் இரண்டு மணிக்குக் கப்பல் புறப்பட்டுவிடும். அதற்குள் எதைப் பார்க்கப்போகிறாள்? முதல் தெருச் சந்திப்பு வந்ததும் ஒரு விரல் அவன் இருக்கையின் முதுகில் இடப்பக்கம் தட்டியது. திரும்பினான். அடுத்த சந்திப்பில் வலப்பக்கம் தட்டியது.

சுற்றுலாப் பேருந்துகள் போகும் பக்கமே இல்லை அது. ஆனாலும் அவனுக்குப் புரிந்த மாதிரி இருந்தது. இங்கே பிறந்து, அறுபது வருஷத்துக்கு முன் கடல் தாண்டிப்போன இத்தாலியர்களும் யூதர்களும் வயதான காலத்தில் வந்து பழைய வீட்டுச் சுவரைத் தடவிப் பார்த்து அழுவது உண்டு. இவளும் அப்படித்தான். அடுமனையைத் தாண்டி, மகள் உமைமா படிக்கும் பள்ளிச் சுவரை ஒட்டி, மீன் கழுவிய தண்ணீர் ஓடும் சந்துக்குள் அந்த விரல் அவனை ஓட்டிச் சென்றது. அங்கே ஒருமுறை தட்டிவிட்டு நின்றுகொண்டது.

அது மோன்ஜியின் தெரு.

நிறுத்தாமல் தாண்டிப் போனான். விரல் தட்டியது. தெருமுனை வரை போனான். இப்போது உள்ளங்கையால் அறைந்தது. சிறு குழந்தை அடம்பிடித்து அடிக்கும் அடி. சுற்றிக்கொண்டு திரும்பி வந்தான். அவன் நிறுத்தவில்லை, அவன் வீட்டு நீலக் கதவுக்கு முன்னால் எஞ்சின் தானாக அணைந்தது.

அந்த வீட்டை அவனே பன்னிரண்டு வருஷத்துக்கு முன் கட்டினான். அதற்கு முன் அது ஏரிச்சேறு. அங்கே யாரும் வாழ்ந்ததில்லை. கடல் உப்பில் ஊறிப்போன கதவு, புதிதாக வருகிறவர்கள் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டுக் கூப்பிடுவார்கள். கிழவி இறங்கினாள், கைப்பிடியை மேலே தூக்கி இடுப்பால் ஒரு இடி இடித்தாள். கதவு திறந்துகொண்டது.

அவன் பின்னாலேயே ஓடினான். உள்ளே எண்ணெய் கொதிக்கும் சத்தம், மிளகாய் சுட்ட நெடி. சல்ஹா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"வந்துட்டியா தங்கம்? செருப்பைக் கழட்டு. கை கழுவிட்டு வா, பிரிக் ஆறிப்போகுது."

கிழவியிடம்தான் சொன்னாள்.

"சல்ஹா, யாரு இது?"

"யாருன்னா? நீதானே கூட்டிட்டு வந்தே."

"இது கப்பல்ல வந்த ஆளு."

"வெயில் மண்டைக்கு ஏறிடுச்சா? பெத்த மகளை வச்சு என்ன விளையாட்டு? பாரு, மூஞ்சி சுருங்குது."

ஆமாம், சுருங்கியது. கீழுதட்டை உள்ளே இழுத்து, தாடை நடுங்க, அழுவதற்கு முன் உமைமா காட்டும் அதே முகம். அது எண்பது வயதுத் தோலில் ஓடி மறைந்தது. பிறகு அவள் மகளின் நாற்காலியில் உட்கார்ந்து, பிரிக்கின் பொரித்த மாவை உடைத்து, மகளைப் போலவே உள்ளே குழைந்திருந்த மஞ்சள் கருவை மட்டும் நாக்கால் நக்கினாள்.

"உமைமா!" என்று மோன்ஜி கத்தினான்.

கிழவி நிமிர்ந்து பார்த்தாள். உள்ளறையில் கட்டில் கிறீச்சிட்டது.

ஏழு வயது மகள் கட்டில் விளிம்பில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். வார் மாட்டிய செருப்பு. மடிமேல் மடித்த கைகள். கழுத்தில் நீலப் பட்டை. அட்டையில் அவள் படம்.

"ஐயா, கப்பலுக்கு நேரமாச்சு," என்றாள், அவனை பாபா என்றே கூப்பிடுகிறவள். "கொண்டுபோய் விடுறீங்களா?"

அவன் பட்டையைப் பிடித்து இழுத்தான். அவள் அலறினாள். அவன் அறியாத ஏதோ மொழியில், மூச்சு முட்ட முட்ட அலறினாள். சல்ஹா கரண்டியோடு ஓடிவந்தாள். பிள்ளையைப் பார்த்தாள். அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பார்க்கும் பார்வைகூட அது இல்லை.

"யா ரப்பி, யாரு பிள்ளை இது? எங்கேயிருந்து தூக்கிட்டு வந்தே?"

பக்கத்து வீட்டு தாஹர் மாடியிலிருந்து இறங்கி உள்ளே வந்துவிட்டார். மோன்ஜி கைபேசியைத் திறந்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினான். "பாருங்கண்ணே, இவதான், போன மாசம் பிறந்தநாள், நீங்களும் இருந்தீங்களே." தாஹர் பார்த்தார். மோன்ஜியும் எட்டிப் பார்த்தான். படத்தில் கேக்குக்கு முன்னால், காகிதத் தொப்பி போட்டுக்கொண்டு, பொக்கை வாயைக் குவித்து மெழுகுவத்தி ஊதிக்கொண்டிருந்தாள் கிழவி.

"தம்பி," என்றார் தாஹர் மெதுவாக, "நான் ஒண்ணும் கேக்கல. ஊர் கூடுறதுக்குள்ள இந்தப் பிள்ளையை அதோட ஆளுங்க கிட்ட சேர்த்துடுவோம். சாவியைக் குடு. நான் ஓட்டுறேன்."

அவன் தரவில்லை. அவர் விரல் விரலாகப் பிரித்து எடுத்துக்கொண்டார். தெருவில் ஏற்கெனவே நாலைந்து ஆண்கள் நின்றிருந்தார்கள். சல்ஹா கிழவியை மார்போடு அணைத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

தாஹர் ஓட்டிய வண்டியின் பின்சீட்டில் மகள் ஜன்னலோரம் ஒதுங்கி, அவன்மேல் படாமல் பாவாடையை இழுத்துக்கொண்டாள்.

"உன் பேரு என்னம்மா?" என்று மோன்ஜி கேட்டான்.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "தெரியலை, ஐயா."

துறைமுக வாசலில் காவலாளி ஷாத்லி நின்றிருந்தான். அவனும் மோன்ஜியும் பள்ளித் தோழர்கள். உமைமா பிறந்தபோது ஆட்டுக்கால் வாங்கிவந்தவன்.

"ஷாத்லி, உள்ளே விடாதே! உமைமாடா இது! போன வெள்ளிக்கிழமை ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்தியே!"

"உமைமாவுக்குத்தான் வாங்கிக் குடுத்தேன். அவ வீட்ல இருக்காளாமே, தாஹர் அண்ணன் சொல்றாரு." அட்டையை இயந்திரத்தில் வைத்தான். பச்சை விளக்கு எரிந்தது. "இந்த ஒரு ஆள்தான் பாக்கி இருந்துச்சு. இப்ப எல்லாரும் ஏறியாச்சு."

மோன்ஜி பாய்ந்தான். இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள், அடிக்கவில்லை, திட்டவில்லை. காய்ச்சல்காரனைப் பிடிப்பதுபோலப் பதமாகப் பிடித்தார்கள். வெள்ளை வெயிலில், வெள்ளைச் சுவர்போல நின்ற கப்பலின் வயிற்றிலிருந்த சின்னக் கறுப்பு வாசலுக்குள் அவள் தனியாக ஏறிப்போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

சங்கு ஊதியது. பிடி தளர்ந்தது. உதறிக்கொண்டு ஓடினான்.

கப்பல் கடலுக்குப் போகும் குறுகிய வாய்க்காலை ஒட்டி அலைத்தடுப்புச் சுவர் நீளமாக ஓடுகிறது. அதன்மேல் ஏறி, கப்பலுக்கு இணையாக ஓடினான். தூண்டில் போட்டிருந்தவர்கள் விலகினார்கள். மேல்தளத்தில், தடுப்புக் கம்பிக்குப் பின்னால், உமைமா. தாடைதான் கம்பிக்கு எட்டியது.

"உமைமா!"

பார்க்கவில்லை.

முதல் விளக்குக் கம்பம். அவள் தோள் கம்பிக்கு மேலே வந்திருந்தது. கூந்தல் இடுப்பைத் தொட்டது.

ஓடினான். செருப்பு ஒன்று போயிற்று.

இரண்டாவது கம்பம். சல்ஹாவின் வயது. சல்ஹாவின் நெற்றி.

கால் கல்லில் கிழிந்தது. ஓடினான்.

மூன்றாவது. கன்னம் ஒட்டியது. முதுகு வளைந்தது. தலை வெளுத்தது. வண்டிக் கண்ணாடியில் பார்த்த அதே வெள்ளைத் தலை. அவன் கண் முன்னால். ஒரு மூச்சுக்குள்.

சுவர் முடிந்தது. அப்பால் தண்ணீர்.

மேலே, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்த கிழவி அப்போதுதான் குனிந்து கரையைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். அடையாளம் தெரிந்துவிட்டது. கீழுதடு உள்ளே போனது. அந்தப் பல்லில்லாத வாய் திறந்தது. அதிலிருந்து ஏழு வயதுக் குரல் தண்ணீரின்மேல் வந்தது.

"பாபா! என்னை இறக்கிவிடு, பாபா!"