ருமானாவின் வலது கை

ட்ரிங்... ட்ரிங்!

ரிஹானா இடது கையால் போனை எடுத்தாள்.

வலது கை? அது போன வருடம் யாங்கோனின் ஷ்வேப்யிதா பகுதியில் ஒரு ஃபேக்டரி மெஷினுக்குள் போனது. மணிக்கட்டோடு போயே போய்விட்டது!

"ருமானாவா?" பர்மிய மொழியில் ஒரு பெண் குரல்.

"ஆ... ஆமா."

பொய்! ருமானா என்பவள் அவளுடைய லாத்தா. கூடப்பிறந்த அக்கா. ரிஹானாவுக்கு அடையாள அட்டையே கிடையாது. அட்டை இல்லாதவளுக்கு எவன் வேலை தருவான்? அக்கா தன் கார்டைத் தூக்கிக் கொடுத்தாள். தங்கை அந்தப் பேரிலேயே வேலை பார்த்தாள். அந்தப் பேரிலேயே கையையும் இழந்தாள்!

"உங்க ஊன உதவித்தொகை அப்பீல் இன்னிக்கு விசாரணை. பத்து மணிக்கு வாங்க. கூடப்பிறந்தவங்க யாராவது சாட்சிக்கு வரணும்."

கை போனதற்குச் சாட்சி வேறு! கேட்டீர்களா அநியாயத்தை?

மனுவை ஏற்கெனவே ஒரு தடவை தள்ளிவிட்டார்கள். இதுவும் போனால் ரிஹானாவின் மூன்று வயது மகளுக்குப் பாலுக்குக்கூட வழியில்லை.

பத்து மணி. ரிஹானாவோடு அக்காவும் சாட்சிக்கு வந்திருந்தாள், தங்கை என்று சொல்லிக்கொண்டு.

அதிகாரி டோ தாந்தா ஒரு காகிதத்தை மேஜையில் போட்டார்.

"மொட்டைக் கடிதம்! 'இவள் ருமானா இல்லை, கார்டு இரவல்'னு எழுதியிருக்கு. அதான் போன தடவை தள்ளுபடி!"

ரிஹானா அந்தக் காகிதத்தை இடது கையால் இழுத்துப் பார்த்தாள்.

இந்த விஷயம் யாங்கோனில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி அவள். இன்னொருத்தி... பக்கத்து நாற்காலியில்!

அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. தமிழிலேயே கேட்டாள்.

"லாத்தா... நீயா?"

ருமானா தலை குனிந்தாள்.

"நாந்தான்."

"யா அல்லா! ஏன் லாத்தா?"

"தாகேதாவுல ஒரு ஃபேக்டரிக்கு வேலை கேட்டுப் போனேன். கார்டைப் பாத்தான். 'ரெக்கார்டுல உனக்கு வலது கை இல்லியே, போ'ன்னுட்டான். ரெண்டு கையையும் தூக்கிக் காட்டினேன்டி! சிரிக்கிறான்!"

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"உன் கையப் பாத்துக்கிட்டு எப்படிடி சொல்றது? வீட்ல ரெண்டு புள்ளைங்க பட்டினி. புத்தி கெட்டு எழுதிட்டேன்."

ரிஹானா அழுதாள். கண்ணைத் துடைக்க வலது கையைத் தூக்கினாள்... பழக்கதோஷம். கை இல்லாத முனைதான் கன்னத்தில் பட்டது.

ருமானா அதைப் பார்த்தாள்.

"என்ன அங்க குசுகுசுன்னு?" டோ தாந்தா அதட்டினார். "கார்டுல பத்து வயசுப் புள்ளை படம் இருக்கு. அடையாளமே தெரியல. நீ சொல்லும்மா. யார் ருமானா?"

'நான்' என்று சொன்னால் போதும். பேர் திரும்பி வரும். வேலை கிடைக்கும். தங்கைக்கு ஜெயில்!

ருமானா எழுந்தாள். பர்மிய மொழியில் பட்டென்று சொன்னாள்.

"இவதான் ருமானா, மேடம்! நான் இவ தங்கச்சி ரிஹானா. எனக்குக் கார்டே கிடையாது. பொறாமையில கடுதாசி எழுதினதும் நான்தான்!"

"கூடப்பிறந்தவளுக்கே குழி பறிச்சியா? சீ!"

டோ தாந்தா முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

டப்!

அப்பீல் ஜெயித்துவிட்டது. ருமானாவுக்கு இனி பேரும் இல்லை, கார்டும் இல்லை.

வாசலுக்கு வந்ததும் ரிஹானா ஓவென்று அழுதாள்.

"உன் பேரையே எனக்குக் குடுத்துட்டியே லாத்தா..!"

ருமானா மூக்கைச் சிந்தினாள்.

"யாருடி லாத்தா? இனிமே நீதான் மூத்தவ. எதிர்க்கடையில டீ வாங்கிக் குடு!"