நால்வர் கேட்ட இரைச்சல்

அந்தப் பெண் மருத்துவர் உட்கார மறுத்தாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், ஜன்னல் வரை போனாள், கைப்பேசி முனகியதும் பார்த்துவிட்டு மறுபடி நாற்காலிக்கே வந்தாள். பொது மருத்துவத் துறையில் முதுநிலைப் பயிற்சியின் கடைசி வருடத்தில் இருப்பவர்கள் உட்காரும் கலையை மறந்தவர்கள்தான். இவளுக்கோ அன்று மாலைக்குள் பயிற்சியே பறிபோகும் நிலைமை.

"சாயங்காலம் விசாரணை சார். வெளியே அனுப்புற லெட்டரை டைப் பண்ணியே வச்சுட்டாங்களாம். ஒப்புக்கு என்னைக் கூப்பிட்டுக் கேப்பாங்க."

நுண்ணோக்கியில் குனிந்திருந்தவர் நிமிரவில்லை. நோயியல் துறைக்காரரான அவருக்கு ஆஸ்பத்திரியில் 'லேட் சார்' என்று பெயர். எந்த நோயானாலும் துல்லியமாகச் சொல்லிவிடுவார், நோயாளி போய்ச் சேர்ந்த பிறகு. யார் யாரைச் சந்தேகித்தாலும் கடைசியில் அவரிடம்தான் வந்து நிற்பார்கள். அவருடைய மைத்துனர் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டாக இருந்து ஓய்வுபெற்றவர். வீட்டில் தொல்லை தாங்காமல் மனைவி விரட்டிவிட்டதால், பகல் முழுவதும் இந்த அறையில் குற்றம் எதுவும் நடக்காதா என்று காத்துக்கிடப்பார். இப்போது அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

நடந்தது இதுதான். காலையில் வெளியூர் ஆய்வுக் குழு வந்திருந்தது. பொது மருத்துவத் துறைத் தலைவர் வால்வு பழுதான ஒரு பஸ் டிரைவரின் மார்பில் தம்முடைய புது ஸ்டெதஸ்கோப்பை வைத்து, கண்ணை மூடி, இசைக் கச்சேரியில் முன்வரிசையில் இருப்பவரைப் போலத் தலையசைத்தார். பிறகு இதய இரைச்சலைப் பற்றிச் சிற்றுரை ஆற்றினார். அதே கருவியைப் பயிற்சி மருத்துவர்களிடம் வரிசையாகக் கொடுத்தார். நாலு பேர் வைத்தார்கள், நாலு பேரும் தலையசைத்தார்கள். கடைசியாக வைத்த இவள், ஒன்றும் கேட்கவில்லை என்றாள். குழாயில் ஏதோ அடைத்திருக்கிறது என்று சொல்லி, குழாயிலிருந்து வட்டத் தகட்டை எல்லார் முன்னாலும் கழற்றினாள். உள்ளேயிருந்து ஒரு துண்டுப் பஞ்சு வந்தது.

"உனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுதுன்னு கேக்கறார் சார். எனக்கு முன்னாடி அஞ்சு பேருக்குக் கேட்டிருக்கு. அப்போ அடைச்சது நான்தானாம். குழு முன்னாடி அவரை அவமானப்படுத்தத் திட்டம் போட்டேனாம்."

"அந்த ஸ்டெத் ஏது?" என்றார் லேட் சார்.

போன மாதப் பாராட்டு விழாவில் துறைத் தலைவருக்கும் கல்லூரி முதல்வருக்கும் ஆளுக்கொன்று கொடுத்தது. பெட்டியைத் துறைத் தலைவர் விழாப் புகைப்படத்தின் பக்கத்தில், கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கிறார். அந்த டிரைவரின் இதயத்தை ஸ்கேன் செய்த எக்கோ ரிப்போர்ட்டில் இரைச்சலுக்கான காரணம் தெளிவாக இருந்தது, அதை எல்லாருமே படித்திருந்தார்கள் என்றும் அவள் சொன்னாள். அடைப்புத் துண்டைக் கோட்டுப் பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தாள்.

மைத்துனர் கைரேகை எடுக்க வேண்டும் என்றார். நாலு பேரில் தங்கப் பதக்கத்துக்குப் போட்டியிடுபவன்தான் குற்றவாளி என்றும் முடிவு கட்டிவிட்டார். லேட் சார் துண்டை விரலால் அழுத்தினார். அது நசுங்கி, மெல்ல எழுந்து பழைய உருவத்துக்கு வந்தது.

"பஞ்சு இப்படி எழுந்திரிக்காது, மாப்ளே. வாங்க, டிரைவரைப் பாத்துட்டு வருவோம்."

டிரைவர் கட்டிலில் புரண்டுகொண்டிருந்தார். இரைச்சல் என்று எல்லாரும் பேசியதில் அவருக்கு இஞ்சின் கவலை வந்திருந்தது. "மத்தவங்க எல்லாம் வச்சதும் எடுத்துட்டாங்க சார். இந்தப் பொண்ணுதான் இங்க வச்சா, அங்க வச்சா, திரும்பிப் படுக்கச் சொன்னா, மூச்சைப் பிடிக்கச் சொன்னா. எனக்கே பயமாயிடுச்சு."

மாலையில் துறைத் தலைவரின் அறையில் எல்லாரும் கூடினார்கள். டைப் செய்த கடிதம் முதல்வரின் கையில், கையெழுத்துக்குத் தயாராக இருந்தது. பெண் கதவோரம் நின்று துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள். நால்வரும் சுவரில் தொங்கிய உடற்கூற்றுப் படத்தில் திடீர் ஆர்வம் காட்டினார்கள்.

"காலையில உங்களுக்கு நல்லாக் கேட்டுச்சா?" என்று லேட் சார் துறைத் தலைவரிடம் விசாரித்தார்.

"முப்பது வருஷமாக் கேக்கற காதுய்யா இது. கணீர்னு கேட்டுச்சு."

நால்வரும் தங்களுக்கும் கணீரென்று கேட்டதாகச் சொன்னார்கள். பதக்கப் போட்டியாளன் இரைச்சல் அக்குள் வரை பரவிக் கேட்டது என்று கூடுதலாகச் சேர்த்துக்கொண்டான்.

"குழாயை அடைச்சவளுக்கு அடைச்சது தெரியும். அவ எதுக்கு அந்த மனுஷனைப் புரட்டிப் புரட்டித் தேடணும்?" என்றார் லேட் சார். "கேக்காதது அவளுக்குப் புதுசா இருந்திருக்கு. அதான் தேடினா."

மைத்துனர் மூச்சிரைக்க உள்ளே வந்தார். முதல்வரின் அறையிலிருந்து அவருடைய பரிசுப் பெட்டியைக் கொண்டுவரும் பணி அவருக்குத் தரப்பட்டிருந்தது.

"இன்னும் கலர் பேப்பர்கூடப் பிரிக்கலை, அத்தான்."

முதல்வர் கொஞ்சம் நெளிந்தார். நோயாளியைத் தொட்டே வருஷக்கணக்காகிறது என்பது அவருடைய பதவியின் ரகசியம். லேட் சார் அவரையே பிரிக்கச் சொன்னார், கழற்றவும் சொன்னார். முதல்வர் தகட்டைக் கழற்றினார். குழாய் வாயில், தூசி புகாமலிருக்கத் தயாரிப்பாளர் வைத்த ஸ்பான்ஜ் துண்டு உட்கார்ந்திருந்தது. லேட் சார் காலையில் கிடைத்த துண்டை அதன் பக்கத்தில் வைத்தார். இரட்டைப் பிள்ளைகள்.

"உங்க ஸ்டெத்துல இருந்த ஸ்பான்ஜை யாரும் எடுக்கவே இல்லை. போன மாசத்துலேருந்து உள்ளேதான் இருந்திருக்கு," என்றார் துறைத் தலைவரிடம், குரலை உயர்த்தாமல். "நீங்க கேட்டது எக்கோ ரிப்போர்ட்டை. இவங்க நாலு பேரும் கேட்டது உங்களை. குழாயைக் கேட்டது அந்தப் பொண்ணு மட்டும்தான்."

துறைத் தலைவர் அலமாரிக் கண்ணாடியில் தம் புகைப்படத்தைப் பார்த்தார். புகைப்படம் அவருக்கு உதவிக்கு வரவில்லை.

"இன்னொண்ணு. எல்லாருக்கும் எக்கோ எடுத்திருக்க மாட்டீங்க. இந்த ஒரு மாசமா நீங்க நெஞ்சுல இதை வச்சுப் பாத்து அனுப்பின நோயாளிங்களை மறுபடி கூப்பிட்டுப் பாத்துடுங்க. என்கிட்ட வர்றதுக்கு முன்னாடி."

முதல்வர் கடிதத்தை நாலாக மடித்து, கிழித்து, குப்பைக் கூடையைத் தேடி, காணாமல் தம் பையிலேயே போட்டுக்கொண்டார். பெண் முதல்முறையாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். உடனே கைப்பேசி முனகியது. வார்டிலிருந்து அழைப்பு. எழுந்து ஓடினாள்.

மறுநாள் காலை ரவுண்ட்ஸில், அடைப்பு நீங்கிய ஸ்டெதஸ்கோப்பை டிரைவரின் மார்பில் துறைத் தலைவர் வெகுநேரம் வைத்திருந்தார். கண்ணை மூடவில்லை. உரையும் இல்லை. அதை வரிசையில் கொடுத்தார்.

நால்வரும் வைத்தார்கள், அவர் முகத்தைப் பார்த்தார்கள், ஒருவர் பின் ஒருவராகப் பணிவோடு சொன்னார்கள்:

"ஒண்ணும் கேக்கலை சார்."

கடைசியாக அவள் வைத்தாள். மூச்சைப் பிடிக்கச் சொன்னாள், ஒருக்களித்துப் படுக்கச் சொன்னாள்.

"நல்லாக் கேக்குது சார்," என்றாள்.