கேரவனில் காணாமல் போன விமலா

மே மாதத்துச் சனிக்கிழமை. பிற்பகல் 3.10.

“அம்மாவைக் காணோம்!”

கேரவன் கதவைத் திறந்த பிரதீப்குமார் போட்ட கூச்சலில், மர்ரே நதிக்கரை மரங்களிலிருந்து வெள்ளைக் காக்கட்டூக் கிளிகள் குறைந்தது ஒரு லட்சம் எழும்பிப் பறந்தன. அதில் பாதி எதிர்க்கரையான நியூ சவுத் வேல்ஸுக்கே குடிபெயர்ந்திருக்கும்.

அம்மா விமலா இறந்து ஐம்பத்து மூன்று நாட்கள். காணாமல் போனது அவளுடைய அஸ்தி; மஞ்சள் துணியால் வாய் கட்டிய செப்புக் கலசம். அஸ்தியை வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்பது வழக்கம். சொந்த ஊர் கோபிச்செட்டிபாளையமாக இருந்தால் மரக்கிளையில் கட்டித் தொங்கவிடலாம். டார்னெய்ட் புறநகர் வீட்டில் இருந்ததோ இடுப்புயர எலுமிச்சைச் செடி. அதனால் வாசலில் நின்ற, காரில் மாட்டி இழுத்துப் போகும் பதினான்கு அடி கேரவனில் அவளைக் குடிவைத்தார்கள். கணவர் பழனிசாமி தினமும் சாயங்காலம் இரண்டு டம்ளர் காபியோடு அதற்குள் போவார். ஒரு மணி நேரம் கழித்து இறங்கி வரும்போது இரண்டு டம்ளரும் காலியாக இருக்கும். பக்கத்து வீட்டு வைதேகி அதைச் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத் திரைச்சீலையை இழுத்துக்கொள்வார்.

வைதேகி விமலாவின் தோழி. இருபத்தாறு வருடம் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் விபத்து இழப்பீட்டுக் கோரிக்கைகளைத் துருவித் துருவிப் பார்த்து ஓய்வு பெற்றவர். நகரின் மறுகோடியான மல்கிரேவில் எவனாவது பொய் சொன்னால் டார்னெய்ட்டில் இவருக்குத் தும்மல் வரும்.

“நீதான்டி எடுத்த!” பிரதீப் தங்கை பக்கம் திரும்பினான். “பவானி கூடுதுறைலதான் கரைக்கணும்னு மூணு வாரமா சண்டை போட்டது யாரு?”

“ஆமா, போட்டேன். எனக்கு அம்மா ஊருக்குப் போகணும். அதுக்காகத் திருடுவேனா?” என்றாள் தாரிணி.

“மர்ரேலதான்னு அம்மா என்கிட்ட சொன்னாங்க. நாளைக்கு நான் வெஸ்ட்மீட்டுக்கு வேலைக்குத் திரும்பணும். அஞ்சேகாலுக்கு சூரியன் போயிடும். அதுக்குள்ள கலசம் வரலைன்னா நீ எனக்குத் தங்கச்சியே இல்ல.”

“ஃபைன். உன் நம்பரை இப்பவே பிளாக் பண்றேன்.”

அவள் போனை எடுத்தாள். விளையாட்டுக்கு எடுத்தது போல் இல்லை. கலசம் போனதைவிட இது வைதேகியை அதிகம் உலுக்கியது. கலசம் கிடைக்காவிட்டால் விமலாவின் இரண்டு பிள்ளைகளும் இனி ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்கப் போவதில்லை.

“ரெண்டு பேரும் வாயை மூடுங்க,” என்றார். “போனைப் பையில போடு, தாரிணி.”

பழனிசாமி தன் கார் கதவில் சாய்ந்து நதியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

3.20. வைதேகி கேரவனுக்குள் ஏறினார். கடைசி இருபது கிலோமீட்டர் மண் ரோடு. அந்தக் குலுக்கலில் ஒருவருடைய கடைவாய்ப்பல் முன்வரிசைக்கு வந்திருந்தாலும் ஆச்சரியமில்லை. கூரை ஜன்னலைப் பிரதீப் சாத்த மறந்திருந்தான். கட்டில், தலையணை, அடுப்பு, அலமாரித் தட்டு எல்லாவற்றிலும் மாவு சலித்துத் தூவியதுபோல் செம்மண் புழுதி. கலசத்தைத் தட்டோடு சேர்த்துக் கட்டியிருந்த ரப்பர் கயிறு அவிழ்ந்து தொங்கியது. பக்கத்தில் இதேபோல் கட்டிவைத்த சர்க்கரை டப்பா மட்டும் நின்றது. வைதேகி அதைத் தூக்கினார். அடியில் பளிச்சென்று ஒரு வட்டம். திரும்ப வைத்துவிட்டு, தட்டின் மற்ற பகுதியைக் குனிந்து பார்த்தார். ஒரே சீராகப் புழுதி. பூட்டு உடையவில்லை.

3.35. விசாரணை.

“சாவி எத்தனை?”

“ரெண்டு, ஆன்ட்டி. அப்பாகிட்ட ஒண்ணு, என்கிட்ட ஒண்ணு.”

“கலசத்தைக் கடைசியா எப்பப் பார்த்த?”

“காலைல ஆறே முக்காலுக்கு. நானே கட்டிவெச்சு, நானே பூட்டினேன். ஏழு மணிக்குக் கிளம்பினோம். அப்பா தனியாத்தான் கேரவனை இழுத்துட்டு வருவேன்னு அடம். நாம மூணு பேரும் என் கார்ல பின்னாடியே வந்தோம்.”

“நடுவுல யாராவது திறந்தாங்களா?”

“சீ லேக் ஊர்ல சாப்பிட நின்னப்ப இவ திறந்தா. சாப்பாட்டுத் தட்டு எடுக்கணும்னு என் சாவியை வாங்கிட்டுப் போனா. அஞ்சு நிமிஷம்!”

“தட்டுதான் எடுத்தேன்! அந்தப் பக்கமே பார்க்கல. பார்த்தா அழுகை வரும்.”

சீ லேக்கில் மதியம் பன்னிரண்டுக்கு நின்றது வைதேகிக்கும் நினைவிருந்தது. வண்டிகள் நின்ற உடனே இவர்தான் முதலில் இறங்கி, பழனிசாமியின் கார் ஜன்னலில் புளியோதரைப் பொட்டலத்தை நீட்டினார். பக்கத்து இருக்கையில் குவியலாக ஒரு நீலக் கம்பளி, அதன் குறுக்கே சீட் பெல்ட். “கம்பளிக்கெல்லாமா பெல்ட்டு?” என்று கேலி செய்ததற்கு, “போடலீன்னா வண்டி டிங்கு டிங்குனு கத்துதுங்க” என்றார் அவர். அதன்பிறகுதான் தாரிணி சாவி கேட்டாள்.

“பிள்ளையை ஏன்டா திட்டுறே?” பழனிசாமி முதல்முறையாக வாய் திறந்தார். “அது எடுக்கலீங்க வைதேகியம்மா. மண் ரோட்டுல திரும்பறதுக்கு முன்னால, நீங்க பெட்ரோல் போட நின்னு பின்தங்கினப்ப, டயர்ல காத்தைக் குறைக்க நிறுத்தினனுங்க. அப்ப உள்ள போயிப் பாத்தேன். கலசம் தட்டு மேலதான் இருந்துச்சுங்க.”

“அப்புறம் எங்கயும் நிறுத்தினீங்களா?”

“இல்லீங்க. நேரா இங்கதான்.”

வைதேகிக்குப் பெரிய தும்மல் ஒன்று வந்தது.

4.05. மூவரையும் நிற்கவைத்துச் சொன்னார்.

“சர்க்கரை டப்பாவைத் தூக்கினா அடியில சுத்தமா ஒரு வட்டம் இருக்கு. அது உட்கார்ந்த இடத்துல புழுதி படியல. மண் ரோட்டுல கலசமும் தட்டு மேல இருந்திருந்தா, அதுக்கும் ஒரு வட்டம் இருக்கணும். இல்ல. மண் ரோடு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே கலசம் அங்க இல்ல. திரும்புற இடத்துல பார்த்தேன்னு பழனிசாமி அண்ணா சொன்னது பொய்.”

“அப்பா இவளைக் காப்பாத்தத்தான் பொய் சொல்றார்,” என்றான் பிரதீப். “சீ லேக்ல இவதான்—”

“காப்பாத்தத்தான் சொன்னார். ஆனா இவ எடுக்கல. இவ சாவி கேட்கிறதுக்கு முன்னாடியே உங்கம்மா முன்சீட்ல பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தா. நான்தான் முட்டாள், கம்பளின்னு நினைச்சுக் கேலி பண்ணினேன். வெறும் கம்பளி கனத்துக்கு வண்டி கத்துமா?” பழனிசாமி பக்கம் திரும்பினார். “காலைல நாங்க கார்ல பையை ஏத்தும்போது எடுத்திருக்கீங்க. இல்லீங்களா அண்ணா?”

பழனிசாமி கார் கதவைத் திறந்தார். கம்பளியை விலக்கினார். மஞ்சள் துணி தெரிந்தது.

“இழுக்கிற வண்டியில ஆளு உட்கார்றது தப்புங்க. சட்டமே இருக்குதுங்க,” என்றார், ஏதோ போலீஸ்காரரிடம் விளக்குவதைப்போல. “இந்தக் கேரவனை இழுத்த பதினோரு வருசமும் அவ எம்பக்கத்துலதான் வந்தா. ஒரு நாளும் பின்னால வந்ததில்ல. சும்மா எட்டு மணி நேரம் கூட வரட்டும், இங்க வந்து எடுத்த எடத்துலயே வெச்சுரலாம்னுதான் நெனச்சேன். அதுக்குள்ள இவன் கதவைத் தொறந்துட்டான். நாந்தான்னு சொன்னா உடனே வாங்கித் தண்ணியில உட்ருவீங்க. வாய் வரலீங்க.”

பிரதீப் கம்பளியை மறுபடி கலசத்தின்மேல் போர்த்தினான்.

“பவானிக்கே கொண்டு போலாம்ப்பா,” என்றான் பிரதீப். “நான் லீவை நீட்டிச்சுக்கறேன்.”

“வேண்டாம் கண்ணு.” பழனிசாமி தலையசைத்தார். “பவானின்னா இன்னொரு ரெண்டு மாசம் வெச்சிருக்கலாம்னு மனசு ஆசப்படுது. அது அவளுக்கு இல்ல, எனக்கு. இங்கயே உட்ரலாம்.”

4.50. மூவரும் முழங்காலளவு தண்ணீரில் நின்றார்கள். நதி குளிர்ந்து, பழுப்பாக, அவசரமில்லாமல் ஓடியது. துணியின் முடிச்சு பழனிசாமிக்கு அவிழவில்லை. தாரிணி பல்லால் கடித்து அவிழ்த்தாள். பிரதீப் அப்பாவின் முழங்கையைத் தாங்கினான். வைதேகி கரையில் நின்றபடி, வாழ்நாளில் முதல்முறையாக, எதையும் உற்றுப் பார்க்காமல் இருந்தார்.

5.15. இரவு தங்குவதற்குக் கேரவனை இரண்டு மரங்களுக்கு நடுவே பின்னோக்கி ஓட்டி நிறுத்த வேண்டும். பழனிசாமி ஸ்டீயரிங் முன் உட்கார்ந்தார். தாரிணி பின்னால் ஓடிப்போய் நின்றாள்.

“லெஃப்ட்! லெஃப்ட் வாங்கப்பா! லெஃப்ட்!” என்று கத்தியபடி வலது கையைச் சுழற்றினாள். வண்டி நேரே மரத்தைப் பார்த்துப் போயிற்று.

பழனிசாமி பிரேக்கை மிதித்துத் தலையை வெளியே நீட்டினார். “ஏம்புள்ள, வாய் ஒரு பக்கம் சொல்லுது, கை ஒரு பக்கம் காட்டுது! அப்படியே உங்கம்மாவாட்டம்—”

பாதியில் நின்றுவிட்டது. தலை மெல்ல ஸ்டீயரிங்கில் கவிழ்ந்தது. தோள்கள் குலுங்கின. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

சற்று நேரம் கழித்து, பிரதீப் நடந்துபோய்த் தங்கையின் எதிர்ப்பக்க மரத்தடியில் நின்றான்.

“அந்தப் பக்கத்தை நீ பாரு,” என்றான் அவளிடம். “இந்தப் பக்கத்தை நான் பார்த்துக்கறேன். அப்பா... மெதுவா வாங்க.”